தூசி படிந்த உலகம்

கல்லூரி நூலகத்தில் வேறெதையோ தேடியபோது நேருவின் 'உலக சரித்திரம்' கைக்கு அகப்பட்டது. ஓ.வி. அளகேசனின் தமிழாக்கம். இரவல் தாளில் கடைசி முத்திரை 1987. எடுத்துப் பார்க்க நூலகமற்ற சிறைகளில் இருந்துகொண்டு, 1930 முதல் 1933 வரை, மகள் இந்திராவுக்கு அவர் எழுதிய கடிதங்கள். ஐரோப்பா மட்டுமே உலகம் என்றெண்ணாமல், சீனம், பாரசீகம், அரபுநாடு என விரிகிறது நூல்.

யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை அகநானூறு பாடுகிறது. நம் தமிழிலக்கிய மாணவரோ 'யவனர் - கிரேக்கர், உரோமர்' என்ற உரைக்குறிப்பை மனனம் செய்வதோடு நின்றுவிடுகிறார். அந்தப் பொன் எந்தப் பேரரசினுடையது, அந்த மிளகு எவர் உணவில் சேர்ந்தது என்று கேட்பதில்லை. கேட்கத் தூண்டாத குற்றம் ஆசிரியர்களாகிய எங்களுடையது, என்னுடையதும்தான். வரலாற்று அடுக்கு வரலாற்றுத் துறைக்கு மட்டுமே உரியதன்று. சங்கப் பாடலுக்கான உரையின் ஒரு பகுதி அங்கேயும் இருக்கிறது.