சும்மா இருக்கும் மேசை

மதுரையில் பசுமலையிலிருந்து வைகையைத் தாண்டிப் போனால் அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. அங்கே கண்புரை அறுவை அரங்கில் மருத்துவர் ஒருவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார். ஒரு கண்ணை முடித்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை அப்படியே திருப்பிக்கொள்வார். இப்படி ஒருவர் ஆண்டுக்குச் செய்யும் அறுவைகள் ஏறத்தாழ 2000.

இந்த அரங்கைத் திட்ட மேலாண்மை மென்பொருள் ஒன்றில் ஏற்றினால் வேடிக்கையாக இருக்கும். எந்த நேரமும் ஒரு மேசையில் அறுவை நடக்கவில்லை என்று அது காட்டும். சிக்கனம் பேசும் மேலாளர் அந்த மேசையைத் தூக்கச் சொல்வார். மறுநாளே மருத்துவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

அரவிந்த் முதலில் கண்டுகொண்டது, தன்னிடம் எது அரிது என்பதை. அறுவை செய்யும் கைகள் குறைவு. ஆகவே அறுவை தவிர மற்ற பெரும்பாலான வேலைகளை பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி தந்து ஒப்படைத்தார்கள். அடுத்து, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்குத் தட்டுப்பாடு. இறக்குமதி விலை ஏழைகளுக்கு எட்டவில்லை. 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்புப் பிரிவைத் தொடங்கி அதையும் மதுரையிலேயே செய்தார்கள்.

நம் அலுவலகங்களில் நடப்பது நேர்மாறு. திட்ட மேலாண்மை மென்பொருளான மைக்ரோசாப்ட் ப்ராஜெக்ட் 1984இல் வந்தது. இன்று சென்னையின் சோஹோவும் இத்தகைய மென்பொருளை விற்கிறது. இவற்றில் ஆளைச் சதவீதமாகப் பிரிக்கலாம்: ஒரே பொறியாளர் இந்தத் திட்டத்தில் 50, அந்தத் திட்டத்தில் 30, இன்னொன்றில் 20. கூட்டினால் 100, திரையில் எங்கும் சிவப்பு இல்லை. மூன்று வேலைகளுக்கிடையே மாறி மாறி ஓடுவதில் போகும் நேரத்துக்கு மட்டும் அங்கே கட்டம் கிடையாது.

தவறு மென்பொருளுடையது என்று சொல்ல முடியாது. கேட்டதை அது கணக்குப் போட்டுத் தருகிறது. எல்லோரையும் நிரப்பு என்றால் நிரப்பும். மேலாண்மை எழுத்தாளர் எலியாகு கோல்ட்ராட் 1997இல் 'கிரிட்டிகல் செயின்' நூலில் வலியுறுத்தியதோ இதற்கு மாறானது: தட்டுப்பாடான ஒன்றைச் சுற்றித் திட்டத்தை அமைத்து, அதற்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும்.

கண்புரை அறுவை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவது. பாலம் கட்டுவதும் மென்பொருள் எழுதுவதும் அப்படியல்ல. எனவே அரவிந்தை அப்படியே நகலெடுக்க முடியாது. ஆனால் மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டையில், கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரம் ஒன்றே ஒன்று வைத்திருக்கும் பட்டறைக்காரர், மென்பொருளில் முதலில் அந்த இயந்திரத்தின் நாட்காட்டியை நிரப்பலாம். ஆட்களின் பெயர்களைப் பிறகு சேர்க்கலாம். அவர்களில் யாருக்காவது புதன்கிழமை மதியம் வேலை இல்லை என்று திரை காட்டினால், அதை அப்படியே விட்டுவிடலாம்.