கண்டத்தைப் பிளப்பது விரிசலா, நெருப்பா?

"ஆப்பிரிக்கா ரெண்டாப் பிளக்குது பாரு!" என்று ஒரு படம் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கென்யாவில் மாய் மஹியு - நரோக் சாலையை அறுத்துக்கொண்டு போகும் ஒரு பெரும் பள்ளம். 2018 மார்ச்சில் எடுத்தது. போன வாரம் வகுப்பில் ஒருவன் காட்டியபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கு மட்டும் எரிச்சல். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

கனமழையில் எரிமலைச் சாம்பல் மண் அரித்துப்போனதால் உண்டான பள்ளம் அது என்பதுதான் புவியியலாளர்கள் பலரின் கருத்து. அடியில் பழைய பிளவு ஒன்று தண்ணீருக்கு வழி காட்டியிருக்கலாம், அவ்வளவுதான். ஆப்பிரிக்கா பிரிவது உண்மை. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியிலிருந்து மொசாம்பிக் வரை 3000 கி.மீ.க்கும் மேல் நீளும் பிளவுப் பள்ளத்தாக்கு, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் அகலமாகிறது. ஆனால் அந்த வேலையைச் செய்வது யார்?

நம் பாடப்புத்தகப் படம் நினைவிருக்கிறதா? இரண்டு பக்கமும் இழுவை, இரண்டு பிளவுகள், நடுத்துண்டு கீழே இறங்குகிறது, பள்ளத்தாக்கு தயார். தவறில்லை. சுமார் 1470 மீட்டர் ஆழமுள்ள தாங்கன்யிகா ஏரி அப்படி இறங்கிய பள்ளத்தில்தான் நிற்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் அது பாதிக் கதை. கண்டத்தின் தட்டு நூறு கி.மீ. அளவுக்குத் தடித்த, குளிர்ந்த பாறை. வெறும் இழுவையால் அதை அறுத்துவிட முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். விறகு பிளப்பவர் என்ன செய்வார்? கையால் பிய்க்க மாட்டார், ஆப்பு அடிப்பார். இங்கே ஆப்பு, பாறைக்குழம்பு. செங்குத்தான சுவர் போல மேலேறி, இருபுறமும் பாறையை நெட்டித் தள்ளுகிறது. சூட்டால் இளக்கவும் செய்கிறது.

2005 செப்டம்பரில் அஃபாரின் தப்பாஹு எரிமலைப் பகுதியில் இதை நேரிலேயே பார்த்தார்கள். சில வாரங்களுக்குள் சுமார் 60 கி.மீ. நீளத்துக்குக் குழம்பு நிலத்தடியில் புகுந்தது. நிலம் சில இடங்களில் 8 மீட்டர் வரை விலகியது! வெளியே நடந்த வெடிப்போ மிகச் சிறியது. குழம்பு மேலே தள்ளியதில், அதற்கு மேலிருந்த பிளவுகளும் நழுவின. எத்தியோப்பியாவில் பள்ளத்தாக்கின் ஓரத்திலுள்ள பெரிய பிளவுகள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. இழுபடுவது நடுவிலுள்ள குறுகிய எரிமலைப் பட்டையில்தான். ஆரம்பத்தில் பிளவுகள் வழி திறக்கின்றன, பிறகு குழம்பு பொறுப்பை எடுத்துக்கொள்கிறது.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? உயிர்கள்தான். 2002-ல் காங்கோவின் நியிராகோங்கோ எரிமலைச் சரிவு பிளந்து, குழம்பு கோமா நகரத்துக்குள் ஓடியது. 2021 மே மாதம் மறுபடியும் வெடித்தது. அதன்பின் குழம்பு நகரத்துக்கு அடியிலேயே புகுந்ததால் மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 2025 ஜனவரியில் எத்தியோப்பியாவின் ஃபென்டாலே பக்கம் தொடர் நிலநடுக்கங்கள், அடியில் நகர்ந்த குழம்பால். ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அஃபாரின் ஹைலி குப்பி வெடித்து, அதன் சாம்பல் மேகம் டெல்லி வான்வரை வந்தது. நம் ஊர் விமானங்களே ரத்தாயின.

இவை எதற்கும் முன்னால் சாலையில் அழகான விரிசல் தெரிய வேண்டும் என்ற அவசியமில்லை. நில அதிர்வுமானிகளும், நிலம் உப்புவதை அளக்கும் ஜிபிஎஸ் கருவிகளும், செயற்கைக்கோள் ராடாரும்தான் முன்கூட்டிச் சொல்லும். அந்தக் கருவிகளுக்குச் செலவிடும் பணம்தான் முக்கியம் என்பேன்.

ஆகவே அடுத்த முறை அந்தப் படம் உங்களிடம் வந்தால் ஒன்று சொல்லுங்கள். பயப்பட வேண்டியது மேலே தெரியும் பள்ளத்துக்கு அல்ல, கீழே சத்தமில்லாமல் ஏறிவரும் ஆப்புக்கு.