எட்டு நகர்வில் வெற்றி என்னும் ஏமாற்று

"எட்டே நகர்வில் எதிராளியை மடக்குங்கள்", "இந்த ஐந்து பொறிகள் தெரிந்தால் போதும்" என்று கூவும் குறுங்காணொளிகளுக்குக் கைப்பேசியில் பஞ்சமில்லை. அவை வளர்த்துவிட்ட நம்பிக்கை ஒன்று இன்று செஸ் பயிற்சி வகுப்புகளிலும், போட்டி அரங்குக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோரிடமும் வேரூன்றிவிட்டது. தொடக்க ஆட்டப் பொறிகளை நிறைய மனப்பாடம் செய்த பிள்ளை ஜெயிக்கும், செய்யாத பிள்ளை அவற்றில் விழும் என்பதே அது. இதன் முதல் பாதியும் தவறு, இரண்டாம் பாதியும் தவறு.

பொறி என்பது எதிராளி செய்யப்போகும் தவறின்மேல் கட்டும் பந்தயம். ஆகவே அதை எடைபோட ஒரே கேள்விதான் உண்டு: எதிராளி விழாவிட்டால் என் நிலை என்ன? இந்தக் கேள்வியைக் காணொளிகள் கேட்பதே இல்லை. அங்கே எதிராளி ஒவ்வொரு முறையும் சொல்லிவைத்தாற்போல் விழுகிறார்.

பிளாக்பர்ன் ஷில்லிங் கேம்பிட்டை எடுத்துக்கொள்வோம். இரு பக்கமும் ராஜா சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, குதிரைகளை வெளியே எடுத்து, வெள்ளை பிஷப்பை சி4-ல் வைத்ததும், கருப்பு தன் குதிரையை டி4-க்குப் பாய்ச்சுகிறது. இ5 சிப்பாய் காவலின்றி நிற்கிறது. ஆசைப்பட்டு வெள்ளைக் குதிரை அதை வெட்டினால் கருப்பு ராணி ஜி5-க்கு வருகிறது. குதிரை இன்னும் பேராசைப்பட்டு எஃப்7-ஐ வெட்டினால், ஏழாவது நகர்வில் கருப்புக் குதிரை எஃப்3-ல் இறங்கி செக்மேட். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் வெள்ளை அந்த சிப்பாயைச் சீண்டாமல், டி4-ல் நிற்கும் குதிரையைத் தன் குதிரையால் வெட்டி, கருப்பு சிப்பாயால் திருப்பி வெட்டியதும் கேஸ்லிங் செய்துவிட்டால்? வெள்ளையின் ராஜா பத்திரமாக இருக்கிறார், பிஷப் களத்தில் நிற்கிறது. கருப்பிடம் ஒரு காய்கூட வெளியே வரவில்லை. விழாத எதிராளியிடம் இந்தப் பொறி வைத்தவனுக்குக் கிடைக்கும் கூலி அவ்வளவுதான்.

எல்லாப் பொறியும் இப்படியில்லை. குயின்ஸ் கேம்பிட் மறுப்பில் 'யானைப் பொறி' என்று ஒன்று உண்டு. வெள்ளை பிஷப் ஜி5-லிருந்து எஃப்6 குதிரையை அழுத்த, கருப்பு இன்னொரு குதிரையை டி7-ல் வைக்கிறது. எஃப்6 குதிரை நகர்ந்தால் பின்னால் இருக்கும் ராணி போய்விடும், ஆகவே அது நகராது என்று நம்பும் வெள்ளை, சிப்பாய்களை மாற்றிக்கொண்டு, தன் குதிரையால் டி5-ல் இருக்கும் சிப்பாயை வெட்டுகிறது. கருப்போ அந்த 'நகராத' குதிரையாலேயே திருப்பி வெட்டி, ராணியை விட்டுக்கொடுக்கிறது. அடுத்து பிஷப்பால் பி4-ல் ஒரு செக். வெள்ளை தன் ராணியைக் குறுக்கே நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. கணக்கு முடியும்போது கருப்புக்கு ஒரு காய் லாபம். சரி, வெள்ளை விழவில்லை என்றால்? கருப்புக்கு நஷ்டமே இல்லை. குதிரையை டி7-ல் வைப்பது எப்படியும் ஆடவேண்டிய நல்ல நகர்வு. நல்ல ஆட்டம் ஆடும்போது தானாக விரியும் வலை இது. முன்னதோ வலைக்காகவே ஆடப்பட்ட மோசமான ஆட்டம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் 'பத்துப் பொறிகள்' என்று பிள்ளைக்கு ஊட்டுவது கல்வி ஆகாது.

சின்ன வயதுப் போட்டிகளில் இன்னும் செல்லுபடியாகும் நான்கு நகர்வு மேட்டும் அந்த மோசமான ரகம்தான். இரண்டாவது நகர்விலேயே ராணி எச்5-க்குப் பாய்கிறது, பிஷப் எஃப்7-ஐக் குறிவைக்கிறது. எதிரே இருக்கும் பிள்ளை ஜி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் ராணி எஃப்3-க்குப் பின்வாங்குகிறது. தன் குதிரை வந்து நிற்கவேண்டிய இடத்தில் ராணி உட்கார்ந்திருக்க, எதிராளியின் இரண்டு குதிரைகளும் நிம்மதியாக வெளியே வந்துவிடுகின்றன. இந்த வித்தையால் நாலு கோப்பை வாங்கிய பிள்ளைக்கு ராணியை முதலில் ஓட்டும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. அதை உதறுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

நல்ல பொறியைக்கூட மனப்பாடமாகக் கற்றால் அது காலை வாரும். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் பிலிடோருக்குக் குருவாக இருந்த லெகால் பெயரால் வழங்கும் பொறியில், ஜி4-ல் நிற்கும் கருப்பு பிஷப் எஃப்3 குதிரையை அழுத்துகிறது. அதைப் பொருட்படுத்தாமல் குதிரை இ5 சிப்பாயை வெட்டுகிறது. கருப்பு பிஷப் வெள்ளை ராணியை விழுங்கினால் அடுத்த இரண்டே நகர்வில் மேட். விழுங்காமல் குதிரையை வெட்டினால் வெள்ளை ராணி ஜி4 பிஷப்பை எடுத்து ஒரு சிப்பாய் லாபம் பார்க்கிறது. சரியான தியாகம். ஆனால் கருப்பின் குதிரை சி6-ல் நின்றால்? அது இ5-ல் திருப்பி வெட்டி, அங்கிருந்தே ஜி4 பிஷப்புக்குக் காவலும் ஆகிவிடும். வெள்ளைக்கு ஒரு குதிரை தண்டம். பலகையில் மாறியது ஒரே ஒரு காயின் இடம், தீர்ப்போ தலைகீழ். வரிசையை மட்டும் ஒப்பித்த பிள்ளைக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது.

தப்பிப்பதற்காவது மனப்பாடம் உதவாதா என்று கேட்கலாம். ரூபின்ஸ்டைனின் கதை அதற்குப் பதில். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான அவர் 1928-ல் பாட் கிஸ்ஸிங்கனில் எய்வேயிடம் ஒரு தொடக்கப் பொறியில் விழுந்தார். 1930-ல் சான் ரெமோவில் அலேகைனிடம் அதே பொறியில் மறுபடியும் விழுந்தார். அந்தப் பொறிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. சொந்தத் தோல்வியே நினைவில் நின்று காப்பாற்றவில்லை என்றால், காணொளியில் பார்த்தது எங்கே காப்பாற்றப்போகிறது?

நம் விஸ்வநாதன் ஆனந்தின் அனுபவம் இதைவிடக் கூர்மையானது. 1987-ல் உலக இளையோர் சாம்பியன் ஆனவர், 1988-ல் பீல் நகரில் கொலம்பியாவின் ஸபாட்டாவை எதிர்த்துக் கருப்பில் பெட்ரோவ் தற்காப்பை ஆடினார். ஐந்தாவது நகர்வில் பிஷப்பை எஃப்5-ல் வைத்தார். ஸபாட்டா ராணியை இ2-க்கு நகர்த்தியதும் ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். இ4-ல் நின்ற குதிரை ராஜாவுக்கு நேர் முன்னால் மாட்டிக்கொண்டது, இனி அதைக் காக்க வழியில்லை. அதே பிஷப் நகர்வு முந்தைய ஆண்டு மைல்ஸ், கிறிஸ்டியன்சன் என்ற இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடிச் சமனில் முடித்த ஆட்டத்தில் வந்தது. அங்கே மைல்ஸ் இ2-ல் ராணியை வைக்கவில்லை. ஆனந்த் அந்த ஆட்டத்தை நம்பினார். அந்தத் தோல்விக்குக் காரணம் நினைவில் இருந்த ஒன்றைப் பலகையில் சரிபார்க்காமல் விட்டதுதான்.

பொறியிலிருந்து தப்பிக்கும் வழி சோதிக்கும் பழக்கம்தான். எதிராளி கடைசியாக ஆடியதால் என்ன மாறியது? சும்மா கிடைக்கும் இந்தக் காயை நான் எடுத்தால் அவரிடம் என்னென்ன செக், என்னென்ன வெட்டு இருக்கின்றன? அழுத்தப்பட்டு நிற்கும் காய் நிஜமாகவே நகர முடியாததா? இந்த மூன்றாவது கேள்வி தங்கம். ராஜாவுக்கு முன்னால் மாட்டிய காய் விதிப்படி அந்தக் கோட்டை விட்டு விலக முடியாது. ராணிக்கு முன்னால் மாட்டிய காய் துணிந்தால் நகரும். லெகால் பொறியும் யானைப் பொறியும், இணையத்தில் பெயர்பெற்ற ஸ்டாஃபர்ட் கேம்பிட்டின் பிரபல மேட்டும் இந்த ஒரே உண்மையில் பிறந்தவை. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு மூன்று பாடங்கள் ஒரே பாடமாகிவிடும். இதுவரை பார்த்திராத நான்காவது பொறியையும் அது மோப்பம் பிடிக்கும்.

"பொறிகளால் பிள்ளைக்கு ஆர்வம் வருகிறது, பாயின்ட்டும் வருகிறதே" என்பார்கள். வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் கீழ்ப் பலகைகளில் வரும் அந்த பாயின்ட், எதிராளிகள் விழுவதை நிறுத்தியதும் நின்றுவிடும். அப்போது கையில் வேறு சரக்கு இருக்க வேண்டும். ஆர்வத்துக்காகவே லெகால் பொறியைக் காட்டுங்கள். காட்டியதும் சி6-ல் ஒரு குதிரையை வைத்து, "இப்போதும் வெட்டலாமா?" என்று கேளுங்கள். அங்கேதான் பாடம் தொடங்குகிறது.

உலகப் பட்டம் எப்படித் தீர்மானமானது என்பதையும் பாருங்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், பதினான்காவது ஆட்டம். ஒரு சிப்பாய் முன்னிலையில் குகேஷ் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். 55-வது நகர்வில் டிங் லிரென் யானையை எஃப்2-க்கு நகர்த்தியதும், யானைகளையும் பிஷப்புகளையும் மாற்றிக்கொண்டால் மிஞ்சும் சிப்பாய் இறுதியாட்டம் தனக்கு வெற்றி என்பதைக் கண்டுகொண்டார். பதினெட்டு வயதில் உலக சாம்பியன். எட்டு நகர்வுப் பாடத்தில் அந்த 55-வது நகர்வுக்கு இடமே கிடையாது.

பயிற்சிக்குப் பணம் கட்டும் பெற்றோர் அடுத்த முறை பொறி வகுப்பு நடக்கும்போது ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதிராளி விழவில்லை என்றால் என் பிள்ளை என்ன ஆடவேண்டும்?" விடையைப் பலகையில் ஆடிக்காட்டும் ஆசிரியரைக் கைவிடாதீர்கள். "விழாமல் இருக்கமாட்டான்" என்று சொல்பவருக்குக் கட்டும் கட்டணத்தை நிறுத்திவிடுங்கள்.