டென்ட் போட இடம் எங்கே?

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறுக்குத் தென்னந்தோப்புகளின் நடுவே போகிற சாலையில், சனிக்கிழமை காலைகளில் இப்போது ஒரு புது வகைப் பயணியைப் பார்க்க முடிகிறது. பின்சீட்டில் சுருட்டிவைத்த டென்ட், சின்ன கேஸ் அடுப்பு, ஒரு தண்ணீர் கேன். முன்சீட்டில் இரண்டு நண்பர்கள். திட்டம் எளிது. குரங்கு அருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டு 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வால்பாறை. மறுநாள் மளுக்கப்பாறை வழியாகக் கேரளத்துக்குள் இறங்கி வாழச்சால், அதிரப்பள்ளி. இரண்டு பகல், ஓர் இரவு. பகல்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த ஓர் இரவை எங்கே கழிப்பது என்பதில்தான் சிக்கல்.

பாதையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தினால் கீழே ஆழியாறு அணை விரிந்து கிடக்கும். கைப்பிடிச் சுவரின் மேலேயே வரையாடு நின்று முறைக்கும். மேலே போகப்போகத் தேயிலை. மழை அளவில் நாட்டின் முன்வரிசையில் இருக்கும் சின்னக்கல்லாறு இந்த மலையில்தான் உள்ளது. மளுக்கப்பாறைக்கு அப்பால் பல கிலோமீட்டருக்குக் காடு, காடு, காடுதான். இறுதியில் சாலக்குடி ஆறு ஏறத்தாழ 80 அடி உயரத்திலிருந்து அதிரப்பள்ளியில் விழுகிறது. 1986-ல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் காதலர்கள் குதிக்கும் அருவி என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியும். மேலேயுள்ள பெரிங்கல்குத்து அணையில் எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே கோடையில் அதன் பருமன் அமைகிறது என்பது அவ்வளவாகத் தெரியாது.

சரி, இரவு. வால்பாறையில் லாட்ஜ் உண்டு, ஹோம்ஸ்டே உண்டு, வசதி உள்ளவர்களுக்கு எஸ்டேட் பங்களாவும் உண்டு. கட்டணம் கட்டி டென்ட் போட்டுக்கொள்ள அரசுத் திடல் கிடையாது. எனவே மாலையில் பனி இறங்கத் தொடங்கியதும் நண்பர்கள் இருவரும் போனில் மேப்பைத் திறந்து சமதளம் தேடுகிறார்கள். ஆற்றங்கரை, தேயிலைக்காட்டு ஓரம், கைவிட்ட எஸ்டேட் பாதை என எங்கே சமமாக இருக்கிறதோ அங்கே கம்பி அடிக்கிறார்கள். முதலில் வருவது அட்டை. சாக்ஸுக்குள் நுழைந்து, வயிறு நிறைந்து உதிரும்வரை கடிபட்டவருக்குத் தெரியாது. அது வெறும் தொல்லை. யானை அப்படியல்ல.

வால்பாறை என்பது தேயிலைக் கடலில் திட்டுத்திட்டாக மிஞ்சிய சோலைகள். ஒரு சோலையிலிருந்து அடுத்ததற்குப் போகிற யானைக்குத் தேயிலைதான் வழி. நடப்பது பெரும்பாலும் இரவில். ரேஷன் கடைக் கதவையும் சத்துணவுக் கூடத்தின் சுவரையும் உடைத்து அரிசி தின்றுவிட்டுப் போவது அந்த ஊரில் பழகிப்போன செய்தி. அப்படியிருக்க, ஒரு நைலான் துணிக்குப் பின்னால் அரிசியையும் வாழைப்பழத்தையும் வைத்துக்கொண்டு படுப்பவர் தன்னைத்தானே விருந்துக்குக் கூப்பிடுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

உள்ளூர்க்காரர்களுக்காக அங்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது. யானை நடமாட்டம் தெரிந்ததும் செல்போன் அழைப்பு மூலம் எரியவிடும் சிவப்பு விளக்குகளை, நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் ஆய்வாளர்களும் வனத்துறையும் எஸ்டேட் பகுதிகளில் நிறுவியிருக்கிறார்கள். தொலைவிலிருந்தே பார்த்து, தொழிலாளி அன்றைக்கு வீட்டோடு இருந்துவிடுவார். வெளியூர்க் காருக்கு அது ஏதோ டவர் விளக்கு.

டென்ட்டில் உயிர் போனதும் நடந்திருக்கிறது. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே, தனியார் விடுதி ஒன்றின் டென்ட்டில் தங்கியிருந்த இளம்பெண்ணைக் காட்டு யானை கொன்றது. 2025 ஏப்ரலில் அதிரப்பள்ளிப் பகுதியில், வனப் பொருள் சேகரிக்கப் போய்த் தற்காலிகக் குடிலில் தங்கியிருந்த பழங்குடியினர் இருவர் யானை தாக்கி இறந்தனர். காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி. ஆற்றங்கரையோ வேறு வகை ஆபத்து. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவரை இழுத்துச் சென்றது. அது பகல் நேரம், சுற்றிலும் ஆள் இருந்தது. நள்ளிரவில் மலைமேல் மழை கொட்டினால் மணல்திட்டில் தூங்குகிறவரை எழுப்ப யார் இருக்கிறார்கள்?

அப்படியானால் தடைசெய்துவிடலாமே என்பார்கள். காப்புக்காடுகளிலும் சரணாலயங்களிலும் அனுமதியின்றி நுழைவது ஏற்கெனவே குற்றம்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் தீ மூட்டுவதையும் தடுக்கிறது. இருந்தும் டென்ட் விற்பனை நின்றுவிடவில்லை. வெறும் தடை செய்வதெல்லாம், வெளிச்சத்தில் தங்கியிருக்க வேண்டியவரை இருட்டுக்குள் தள்ளுவது. பிடிபடாமல் இருக்க விளக்கை அணைத்து, சாலையிலிருந்து இன்னும் உள்ளே போய்ப் படுப்பார். ஆபத்தில் கூப்பிட்டாலும் எங்கே இருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது.

இதே குழப்பம் மலையேற்றத்திலும் இருந்தது, அதற்கு வழியும் கண்டார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த அதிர்ச்சியில் முதலில் வந்தது தடை. பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென விதிகள். 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம். இன்று 40 பாதைகளில் ஆன்லைனில் பதிந்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு நடக்கலாம். அந்த வழிகாட்டிகளில் பழங்குடி இளைஞர்கள் பலர். பகலில் நடக்கிறவருக்குச் செய்ததை இரவில் தங்குகிறவருக்கும் செய்ய என்ன தடை?

முன்மாதிரிக்கு வெகுதூரம் போக வேண்டாம். டாப்ஸ்லிப்பைத் தாண்டினால் பரம்பிக்குளம். அதே ஆனைமலைத் தொடர், அதே யானை. கேரள வனத்துறை அங்கே புலிகள் காப்பகத்துக்குள்ளேயே டென்ட் தங்கல் நடத்துகிறது. பதிவு செய்தவருக்கு மட்டுமே இடம், உள்ளூர் வழிகாட்டி உண்டு, இருட்டிய பிறகு தன்னிஷ்டத்துக்குச் சுற்ற முடியாது. ஏறத்தாழ எங்கும் கூடாரம் அடிக்கலாம் என்று 2003-ல் சட்டமே இயற்றிய ஸ்காட்லாந்துகூட, லோமண்ட் ஏரிக்கரையில் குப்பையும் கூச்சலும் தாங்காமல் 2017 முதல் மார்ச்சிலிருந்து செப்டம்பர்வரை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. அங்கும் இடத்தை மூடிவிடவில்லை, எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினார்கள்.

தமிழ்நாட்டில் இதைக் காட்டுக்குள் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. ஆழியாறு அடிவாரத்திலோ வால்பாறை ஊரை ஒட்டியோ, யானை வழித்தடம் எது என்று தெரிந்தவர்கள் பார்த்து ஒதுக்கிய ஓர் ஏக்கர் போதும். சமப்படுத்திய தரை, சுற்றிலும் வேலி, கழிப்பறை, குடிதண்ணீர், இரவுக் காவலர். சமையலுக்குப் பொதுவாக ஒரே கொட்டகை; உணவுப் பொருள் ராத்திரியில் அங்கேயே பூட்டியிருக்கட்டும். இருபது டென்ட் என்றால் இருபதுதான், இருபத்தொன்றாவது கார் திரும்பிப் போகட்டும். உள்ளூராட்சியோ மகளிர் சுயஉதவிக் குழுவோ நடத்தலாம். காலையில் இட்லியும் கடுங்காப்பியும் விற்றாலே அவர்களுக்கு ஒரு வருமானம்.

குப்பைக்கு என்ன செய்வது? மளுக்கப்பாறைச் சோதனைச்சாவடியில் அதற்கான விடை ஏற்கெனவே இருக்கிறது. வண்டி எண், ஆள் கணக்கு, நுழைந்த நேரம் ஆகியவற்றோடு காரிலுள்ள பிளாஸ்டிக் பாட்டில்களையும் எண்ணிச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். வாழச்சால் முனையில் அந்தச் சீட்டைக் காட்ட வேண்டும். வழியில் ஜன்னலைத் திறந்து எதையும் வீச யாருக்கும் துணிவு வருவதில்லை. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை, ஒரு பேனா போதும்.

குடிகாரக் கூட்டம் வரும் என்கிற அச்சம் நியாயமானது. ஆனால் இன்று பாட்டில் உடைவது காவலர் இருக்கும் இடத்திலா, யாரும் பார்க்காத ஆற்றங்கரையிலா? உடைந்த கண்ணாடியை மிதிக்கிறது யானை.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தங்க வழியில்லாத பலர் ஒரே நாளில் போய்த் திரும்ப நினைத்து, சோதனைச்சாவடி மூடும் நேரத்துக்குப் பயந்து வண்டியை விரட்டுகிறார்கள். புதுத்தோட்டம் பகுதியில் சாலையைக் கடக்கும் சோலைமந்திகள் கார்களில் அடிபட்டுச் செத்ததால்தான் அங்கே மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டினார்கள். அந்தச் சாலையில் வேகம் குறைய வேண்டுமானால், அங்கே போகிறவருக்கு அவசரம் இருக்கக் கூடாது. ஓர் இரவு தங்க முடிந்தால் அந்த அவசரம் பாதியாகும்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் குற்றாலம், கும்பக்கரை, சுருளி என்று அருவிதோறும் கூட்டம் திரளும். டென்ட்டோடு வரும் கார்கள் அதில் ஒரு பகுதிதான், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிற பகுதி. ஆழியாறில் ஒன்று, தென்காசிப் பக்கம் ஒன்று என இரண்டு திடல்களை அடுத்த சீசனுக்குள் சோதனையாகத் திறந்து பார்க்கலாம். ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்திலேயே அதற்கும் ஒரு பதிவுப் பக்கம் சேர்த்துவிட்டால், தனியாக ஒரு துறைகூடத் தேவைப்படாது.