கம்பெனி பெயரே இல்லாத குட்டி டார்ச்... பட்டனை அமுக்கும் முன் இதைப் பாருங்கள்!

பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் செடி, பழைய நாற்காலி, மிக்ஸி, கைக்கடிகாரம் என்று கிடைக்காத பொருள் குறைவு. அந்தக் குவியல்களுக்கு நடுவே, உள்ளங்கையில் அடங்கும் அலுமினிய டார்ச்சுகளும் கிடக்கும். பெயர் இருக்காது, மாடல் எண் இருக்காது, அட்டைப்பெட்டியும் இருக்காது. பேரம் படிந்தால் வீட்டுக்கு வந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். இருப்பது ஒரே ஒரு பட்டன். ஒருமுறை அமுக்கினால் எரிகிறது. மறுமுறை அமுக்கினால் கண்ணைக் கூசும்படி மின்னுகிறது. எப்படி அணைப்பது என்று யாருக்கும் தெரிவதில்லை.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வீசியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோதும் சென்னைப் புறநகரில் பல இடங்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அப்படி ஒரு ராத்திரியில் டார்ச்சோடு மல்லுக்கட்ட முடியாது. வாங்கிய அன்றே அதைப் படித்துவிட வேண்டும்.

முதல் கேள்வி: எந்த பேட்டரி?

பின்மூடியைத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே பேட்டரி இருந்தால் அதன்மேல் உள்ள எண்ணைப் படியுங்கள். 18650 என்றால் 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். எண் அழிந்திருந்தால் பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால் அளந்துவிடலாம்.

ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. கடிகாரத்துக்குப் போடும் ஏஏ பேட்டரியும், 14500 என்ற லித்தியம் பேட்டரியும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால், ஏஏ 1.5 வோல்ட். 14500 முழு சார்ஜில் 4.2 வோல்ட். ஏஏ-க்கு மட்டும் செய்த டார்ச்சில் லித்தியத்தைப் போட்டால் எல்இடி கருகிவிடலாம். எது என்று தெரியாதபோது முதலில் சாதாரண ஏஏ போட்டுப் பாருங்கள். பெரும்பாலான டார்ச்சுகளில் ஸ்பிரிங் இருக்கும் பின்பக்கம் மைனஸ், தலைப்பக்கம் பிளஸ்.

உறை கிழிந்த, உப்பிய, நசுங்கிய லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போடவே கூடாது; தீப்பிடிக்கும். குப்பைத்தொட்டியிலும் போட வேண்டாம். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். 18650 பேட்டரியில் '9,900 எம்ஏஎச்' என்று அச்சிட்டிருந்தால் நம்பாதீர்கள். தரமான பேட்டரிகளே சாதாரணமாக 2,000 முதல் 3,500 வரைதான்.

சார்ஜ் ஏறவில்லையா?

டைப்-சி துளை இருந்தும் புது போன் சார்ஜரில் சார்ஜ் ஏறாத டார்ச்சுகள் உண்டு. தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு முனையும் டைப்-சி ஆன ஒயருக்குப் பதில், ஒரு முனை பழைய தட்டை யுஎஸ்பி ஆன ஒயரைப் போட்டுப் பாருங்கள். செலவைக் குறைக்க உள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டரை விட்டிருப்பார்கள், அதுதான் காரணம். முதல் சார்ஜை ஆள் பக்கத்தில் இருக்கும்போது போடுங்கள். தூங்கப் போகும்போது வேண்டாம்.

பட்டன் பாடம்

வெளிச்சத்தைச் சுவரில் அடியுங்கள். யார் கண்ணிலும் வேண்டாம். பிறகு ஒவ்வொன்றாகச் செய்து, நடப்பதைத் தாளில் எழுதுங்கள்.

1. ஒரு கிளிக்: எரிகிறதா, எந்த அளவில்?
2. எரியும்போது பட்டனைப் பாதி அமுக்கி விடுங்கள்: பின்பக்க பட்டன் உள்ள பலவற்றில் அதிகம், நடுத்தரம், குறைவு என மாறும்.
3. அழுத்திப் பிடியுங்கள்: பக்கவாட்டு பட்டன் உள்ள பலவற்றில் வெளிச்சம் மெல்ல ஏறி இறங்கும்.
4. வேகமாக இரண்டு கிளிக்: முழு வெளிச்சம் வரலாம்.
5. மூன்று கிளிக்: வேகமாக மின்னலாம், அல்லது பேட்டரி அளவைக் காட்டலாம்.
6. நான்கு கிளிக்: சிலவற்றில் இது பூட்டு. திறக்கவும் அதே நான்கு கிளிக்தான். 'ரிப்பேர்' என்று ஓரம்கட்டிய டார்ச் பூட்டிக்கொண்டிருக்கலாம்.
7. தலையை இழுத்தும் திருகியும் பாருங்கள்: சிலவற்றில் ஒளிவட்டம் குவியும், விரியும்.

இதே ஏழையும் அணைந்த நிலையிலும் எரியும் நிலையிலும் தனித்தனியாகச் செய்யுங்கள். மூன்று குறுகிய மின்னல், மூன்று நீண்ட மின்னல், மறுபடி மூன்று குறுகிய மின்னல் வந்தால் அது எஸ்ஓஎஸ், ஆபத்தில் உதவி கேட்கும் சைகை. வெள்ளம் சூழ்ந்த வீட்டு மொட்டை மாடியில் இது உதவும்.

கற்றதைச் சின்ன டேப்பில் எழுதி டார்ச்சின் மேலேயே ஒட்டுங்கள்: 'பேட்டரி 18650. 1 கிளிக் ஆன். பிடித்தால் டிம். 4 கிளிக் பூட்டு.' பையில் வைக்கும்போது பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தினால் பல டார்ச்சுகள் தானாக எரியாது. கடைசியாக, வீட்டு விளக்குகளை ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு, தாத்தா பாட்டியிடமும் பிள்ளைகளிடமும் டார்ச்சைக் கொடுத்துப் பாருங்கள். அவர்களுக்கு எரிந்தால்தான் அது அவசரத்துக்கு உதவும் டார்ச்!