ஓய்கோனோமியான்னா வெறும் காசு கணக்கா?

"எகனாமிக்ஸ்னா மார்க்கெட், ஜிடிபி. சோறு, ஹாஸ்டல் எல்லாம் சோஷியல் ஒர்க் பசங்க சப்ஜெக்ட்." எங்க பி.காம் வகுப்பில் இப்படிச் சொல்றவங்க நிறைய. இந்தப் பதிவு அவங்களுக்குத்தான்.

எகனாமி என்பது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ஓய்கோஸ் என்றால் வீடு. ஓய்கோனோமியா என்றால் வீட்டு நிர்வாகம். அதோடு நிற்கவில்லை. பேச்சின் பகுதிகளை ஒழுங்காக அடுக்குவதற்கும் அதே சொல்தான். கிறிஸ்தவர்களுக்கு அது மனிதரை மீட்கக் கடவுள் வகுத்த திட்டம். கிழக்குத் திருச்சபைகளில், ஆளின் நிலைமை பார்த்து இரக்கத்தோடு விதியைத் தளர்த்துவது. இதில் எங்கேயாவது லாபம் வருதா? பணம் சேர்க்கும் கலையை அரிஸ்டாட்டில் க்ரெமாடிஸ்டிகே என்று தனியாகப் பிரித்தார். நாமதான் ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டோம்.

"கிரேக்க வீட்டில் அடிமைகள் இருந்தாங்களே?" இருந்தாங்க. அந்தக் காலத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லலை. ஆனால் அடிமை வைத்திருந்த சமூகத்தில் எழுதிய செனோஃபோன்கூட, வேலைக்காரருக்கு நோய் வந்தால் கவனிப்பதை வீட்டு நிர்வாகத்தில்தான் சேர்த்தார். நாம அதைக் கணக்குக்கு வெளியே தள்ளிட்டோம்.

வெளியே தள்ளினால் என்ன ஆகும்? ஸ்ரீபெரும்புதூரைப் பாருங்க. 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஐபோன் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி, 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். உற்பத்தி நின்றது, 2022 ஜனவரியில்தான் மறுபடி தொடங்கியது. சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தன் தரத்தில் இல்லை என்று ஆப்பிளே ஒத்துக்கொண்டது.

"விடுதி காண்ட்ராக்டர் பொறுப்பு" என்பீங்க. சரி, லைன் நின்ற நஷ்டம் யாருடையது? காஸ்ட் அக்கவுண்டிங்கில் கேன்டீன் செலவை ஓவர்ஹெட்டில் எழுதப் படிக்கிறோமே, அதைச் சாப்பிடுகிற ஆளை எந்தக் காலத்தில் எழுதுவது?

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் விடுதி திறக்கப்பட்டது. நல்லது, பாராட்டுவோம். ஆனால் அது தர்மம் இல்லை நண்பர்களே. தாமதமாக வந்த எகனாமிக்ஸ், அவ்வளவுதான்.

ஒரகடத்தில் எத்தனை கார் தயாராச்சுன்னு அடுத்த செமினாரில் புள்ளிவிவரம் போடுறவங்க, அதை ஓட்டிப் பூட்டினவங்க ராத்திரி எங்கே தூங்குறாங்கன்னும் ஒரு ஸ்லைடு போடுங்க. போட முடியலைன்னா தலைப்பில் எகனாமிக்ஸ்னு எழுதாதீங்க. க்ரெமாடிஸ்டிகேன்னு எழுதுங்க. அரிஸ்டாட்டில் கோவிச்சுக்க மாட்டார்.