தலைப்பிரட்டையை இனங்காணுங்கள்



மழை பெய்து ஓய்ந்தால் நம் லயத்துக் கால்வாய்களிலும் சாலையோரப் பள்ளங்களிலும் தலைப்பிரட்டைகள் நிறைந்துவிடுகின்றன. மண்ணெண்ணெய் ஊற்றி அவற்றை அழிப்பாரும், கல்லெறிந்து கொல்லும் சிறுவரும் உளர். 'எல்லாம் ஒன்றுதானே' என்பர். எல்லாம் ஒன்றல்ல என்று கண்டறிவதே கல்வியின் முதற்படி என்பது என் கருத்து.

உற்று நோக்குங்கள். சிறிய கரிய உடலுடன் ஆழமற்ற நீரில் கூட்டமாக மொய்ப்பவை தேரையின் குஞ்சுகள். அதன் முட்டைகள் கருமணி கோத்த மாலைபோல் நீண்ட இழையாக நீருக்குள் கிடக்கும். மூக்கின் நுனியில் வெண்புள்ளி மின்னினால் அது மரத்தவளையின் குஞ்சு. நீருக்கு மேலே இலையிலும் சுவரிலும் ஒட்டியுள்ள நுரைக்கூடே அதன் பிறப்பிடம். மழை இரவுகளில் மாடு கத்துவதுபோல் ஒலிக்கும் பருத்த தவளையின் முட்டைகள் நீர்மேல் படலமாக மிதக்கும். அதன் குஞ்சுக்குக் கடினமான அலகு இல்லை. நீரிலுள்ள நுண்ணுணவை வடிகட்டி உண்டு, பள்ளம் வற்றுமுன் விரைவில் கால் முளைத்துக் கரையேறும்.

நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கி, நீர் அசைந்தால் நெளிந்து கீழே இறங்குவதோ கொசுப்புழு. அதனை ஒழிப்பது நம் கடமை. 1975ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டமும் அதனையே வேண்டுகிறது. பால் மங்குகளையும் பழைய டின்களையும் கவிழ்த்து வையுங்கள். ஆனால் கொசுப்புழுவுக்கு அஞ்சித் தலைப்பிரட்டையையும் கொல்வது, களையோடு பயிரையும் பிடுங்குவதாகும். வளர்ந்த தேரை எறும்பையும் கரையானையும் வண்டையும் தின்று நமக்கு உதவுகிறது.

மெலிந்த குழந்தையைத் 'தேரை விழுந்த பிள்ளை' என்னும் வழக்கமும் நம்மிடையே உண்டு. அம்மெலிவுக்குக் காரணம் ஊட்டக்குறைவும் நோயுமே, தேரையன்று. தேரையைப் பழித்துக் காலம் கடத்தினால் இழப்பது குழந்தையின் உயிராகவும் இருக்கலாம். அக்குழந்தையை உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

மாணவர்களே! வெள்ளைத் தட்டில் சிறிது நீருடன் தலைப்பிரட்டையை முகந்து பாருங்கள். நிறம், புள்ளி, வால் ஆகியவற்றை ஏட்டில் வரையுங்கள். பின்னர் எடுத்த இடத்திலேயே விட்டுக் கைகளைக் கழுவுங்கள். பெற்றோர்களே! கால்வாயோரம் குனிந்து நிற்கும் பிள்ளையை வீண்பொழுது போக்குவதாகக் கடிந்துரைக்க வேண்டா. 'என்ன கண்டாய்?' என்று வினவுங்கள். கண்ணால் கண்டு தெளிந்த பிள்ளை, பிறர் சொல்லும் கட்டுக்கதைக்கு எளிதில் மயங்கமாட்டான்.